நிறம் தெரியாத ஸ்வீடன்காரன்

1916 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடப் பத்திரிகையில் ஒரு சிறுகதை வந்தது. பத்திரிகையின் பெயர் 'டாபுலா'. குத்துச்சண்டைக் கதை. வெள்ளைக்கார வீரன் ஒருவனுக்கும் கறுப்பின வீரன் ஒருவனுக்கும் போட்டி. வெள்ளைக்காரனுக்குக் கையில் அடி, ஜெயிப்பது கஷ்டம். மானேஜர் யோசித்தார். மேடையை ஒட்டித் தொங்கும் திரைக்குப் பின்னால் ஒரு தடித்த ஸ்வீடன்காரனை பேஸ்பால் மட்டையோடு நிறுத்திவைத்தார். கறுப்பின வீரன் திரையோரம் வந்ததும் மண்டையில் ஒரே போடு, ஆட்டம் முடிந்தது. கச்சிதமான திட்டம். ஆனால் போட்ட போட்டில் சுருண்டு விழுந்தது வெள்ளைக்காரன். மடையா, ஏண்டா இப்படிச் செய்தாய் என்று மானேஜர் எகிறினால், ஸ்வீடன்காரனுக்கு நிறக்குருடு. எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியவில்லை.

கதையை எழுதிய பையனுக்கு அப்போது வயது 16. பெயர் எர்னெஸ்ட் ஹெமிங்வே.

சமீபத்தில் பத்து எபிசோட் கொண்ட ஒரு டாக்குமெண்டரித் தொடரைப் பார்த்து முடித்தபோது இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. அதே பள்ளியைப் பற்றிய தொடர். 'அமெரிக்கா டு மீ'. இயக்கியவர் ஸ்டீவ் ஜேம்ஸ். 2015-16 கல்வியாண்டு முழுக்க பள்ளிக்குள் கேமராவோடு இருந்து எடுத்தது. 2018 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் காட்டி, ஆகஸ்டில் ஸ்டார்ஸ் சானலில் ஒளிபரப்பானது. ஒவ்வொரு எபிசோடும் சுமார் ஒரு மணி நேரம். நான்கு ராத்திரிகளில் முடித்தேன். நான்காவது ராத்திரி வீட்டில் திட்டு வாங்கினேன். வாங்கியது வீண்போகவில்லை.

ஒரு விளக்கம் முதலில். 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் நம்மூரில் டை, ஷூ, டொனேஷன். அமெரிக்காவில் நேர் எதிர். ஊர்க்காரர்களின் சொத்து வரியில் நடக்கும் இலவசப் பள்ளி. அந்த ஊரில் வீடிருந்தால் பிள்ளைக்கு சீட் உண்டு. கேட்க சமத்துவமாக இருக்கிறது அல்லவா? கொக்கி அதில்தான் இருக்கிறது. வீட்டு விலை அதிகமான ஊரில் வரி அதிகம், வரி அதிகமான ஊரில் பள்ளி அமோகம், பள்ளி அமோகமான ஊரில் வீட்டு விலை இன்னும் அதிகம். அட்மிஷன் ஃபீஸை பள்ளியில் கட்டுவதில்லை, வீட்டுத் தரகரிடம் கட்டுகிறார்கள்.

ஓக் பார்க் அண்ட் ரிவர் ஃபாரஸ்ட் ஹை ஸ்கூல். சிகாகோ நகரத்துக்கு மேற்கே உள்ள இரண்டு சிற்றூர்களுக்கும் பொதுவான உயர்நிலைப் பள்ளி. ஓக் பார்க்கில் சுமார் 54,000 பேர் இருக்கிறார்கள். இன்றும் அதிகாரபூர்வமாக 'கிராமம்' என்றே பெயர். ஆஸ்டின் பொலிவார்ட் என்ற ஒரு சாலையைத் தாண்டினால் சிகாகோவின் ஆஸ்டின் பகுதி. அங்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள், வறுமை, பூட்டிய கடைகள். இந்தப் பக்கம் ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய வீடுகளைப் பார்க்க டிக்கெட் வாங்கி வரும் டூரிஸ்டுகள். நடுவே ஒரு சாலை மட்டும்.

பள்ளியின் இப்போதைய கட்டடம் 1907-ல் திறந்தது. பிறகு ஒட்டியும் நீட்டியும் இன்று ஒரு சின்ன ரயில்வே ஜங்ஷன் அளவுக்கு இருக்கிறது. மூவாயிரத்துக்கு மேல் மாணவர்கள். ஹெமிங்வே 1917-ல் இங்கே படிப்பை முடித்தார். பள்ளிச் செய்தித்தாளான 'ட்ரபீஸ்'-இல் நையாண்டியாக எழுதினார், ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்தார், ஃபுட்பால் ஆடினார். ஃபுட்பாலில் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. அதற்கு முந்தைய சில வருஷங்களில்தான் அந்த மைதானத்தின் பொற்காலம். 1910 முதல் 1912 வரை ராபர்ட் சப்கி என்பவர் இங்கே கோச். இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய் அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய பெயர்களில் ஒன்றானார். அவர் ஓவியரும்கூட. கோச் படம் வரைகிற பள்ளி என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

படித்தவர்கள் பட்டியல் சுவாரஸ்யமானது. ஹோமர் சிம்ப்ஸனுக்குக் குரல் கொடுக்கும் டான் காஸ்டெல்லனெட்டா. 2016-ல் என்.பி.ஏ. கோப்பை வென்ற க்ளீவ்லாந்து அணியில் இருந்த இமான் ஷம்பர்ட். ராப் பாடகர் லூடக்ரிஸ் கொஞ்ச காலம். ஓக் பார்க்கைப் பற்றி 'புல்வெளி அகலம், மனசு குறுகல்' என்கிற ரீதியில் ஹெமிங்வே சொன்னதாக ஒரு வாசகம் டீ-ஷர்ட் வரைக்கும் போயிருக்கிறது. எங்கே சொன்னார் என்று ஆராய்ச்சியாளர்கள் தேடிக் களைத்துவிட்டார்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஊர்க்காரர்களே அதைப் பெருமையாக மேற்கோள் காட்டுகிறார்கள். தன்னைத் தானே கிண்டல் பண்ணிக்கொள்ளத் தெரிந்த ஊர் முற்போக்கான ஊர் என்று அர்த்தம் போலிருக்கிறது.

இந்த முற்போக்கு சும்மா வந்ததில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

1950-ல் பெர்ஸி ஜூலியன் என்கிற வேதியியலாளர் ஓக் பார்க்கில் ஒரு வீடு வாங்கினார். சாதாரண ஆள் இல்லை. க்ளாக்கோமா என்கிற கண்நோய்க்கான மருந்தை 1935-ல் ஆய்வகத்தில் செய்துகாட்டியவர். சோயாவிலிருந்து ஹார்மோன்கள் தயாரிக்க வழி கண்டவர். கறுப்பினத்தவர். குடிவருவதற்கு முன்பே, தேங்க்ஸ்கிவிங் நாளன்று, வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். 1951 ஜூனில் டைனமைட் வீசினார்கள். குழந்தைகள் வீட்டுக்குள் இருந்தார்கள். ஜூலியன் காலி செய்யவில்லை.

பதினெட்டு வருஷம் கழித்து, 1968-ல், அதே ஊர் நிறம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அக்கம்பக்கத்தில் கறுப்பினத்தவர் குடிவந்தால் வெள்ளைக்காரர்கள் பீதியில் அடிமாட்டு விலைக்கு வீட்டை விற்று ஓடுவது அப்போது சிகாகோ முழுக்க நடந்துகொண்டிருந்தது. தரகர்களே பீதியைக் கிளப்பி, வாங்கி விற்று லாபம் பார்த்தார்கள். ஓக் பார்க் அதை ஓரளவு தடுத்து நிறுத்தியது. 'வீடு விற்பனைக்கு' போர்டு வைக்கக் கூடாது என்றார்கள். 1972-ல் ஒரு வீட்டு வசதி மையம் திறந்து, வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்களை வெள்ளை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று குவியாமல் கலந்து குடியிருக்கத் தூண்டினார்கள். நம்மூரில் வீட்டுத் தரகர் 'நீங்க என்ன ஆளுங்க சார்?' என்று கேட்பது பிரிப்பதற்காக. அங்கே அதே கேள்வியைக் கலப்பதற்காகக் கேட்டார்கள். இன்று ஊரின் இரண்டு நடுநிலைப் பள்ளிகளில் ஒன்றுக்கு பெர்ஸி ஜூலியன் பெயர். இன்னொன்றுக்கு க்வென்டலின் ப்ரூக்ஸ் பெயர். ஜூலியன் வீடு வாங்கிய அதே 1950-ல், புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞர் ஆனவர் அவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

ஆக, ஊர் கலந்துவிட்டது. பள்ளியும் கலந்துவிட்டது. பாதிக்கு மேல் வெள்ளை, ஏறக்குறைய கால்வாசி கறுப்பு, மீதி மற்றவர்கள். காலையில் எல்லோரும் ஒரே வாசல் வழியாக உள்ளே போகிறார்கள். ஸ்டீவ் ஜேம்ஸின் கேமரா கேட்பது ஒரே ஒரு கேள்வி. உள்ளே போன பிறகு?

உள்ளே போனதும் பிரிந்துவிடுகிறார்கள். மேல்நிலைப் பாடங்கள், 'ஹானர்ஸ்', 'ஏ.பி.' வகுப்புகளில் கேமரா நுழையும்போது வெள்ளை முகங்கள், நடுவே ஒன்றிரண்டு கறுப்பு முகங்கள். சாதாரண வகுப்பில் விகிதம் தலைகீழ். யாரும் பிரித்து உட்காரவைக்கவில்லை. சட்டம் எதுவும் இல்லை. 1954-லேயே உச்சநீதிமன்றம் தனித்தனிப் பள்ளிகளை ஒழித்துத் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனால் ஒரே பள்ளிக்குள் தனித்தனிக் காரிடார்கள் இருக்கின்றன. கேட்டால், மார்க்கைப் பார்த்துத்தான் பிரிக்கிறோம், நிறத்தைப் பார்ப்பதில்லை என்பார்கள். நமக்கு நிறக்குருடு. மட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் சரியான மண்டையில் விழுகிறது. ஹெமிங்வேயின் ஸ்வீடன்காரன் எவ்வளவோ தேவலை.

நான் படித்த பள்ளியில் 'ஏ' செக்‌ஷன் முதல் 'டி' செக்‌ஷன் வரை உண்டு. 'டி'-யில் உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று முப்பது வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பழைய நண்பர்களோடு பேசும்போதுதான் எண்ணிப் பார்த்தோம். அந்த வயதில் எங்களுக்கும் எதுவும் தெரியவில்லை.

ஸ்டீவ் ஜேம்ஸை 'ஹூப் ட்ரீம்ஸ்' பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1994-ல் வந்தது. சிகாகோவின் இரண்டு ஏழைப் பையன்கள், பாஸ்கெட்பால் கனவு, மூன்று மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவான படம். தொண்ணூறுகளின் சிறந்த படம் என்று ரோஜர் ஈபர்ட் அதைத்தான் சொன்னார். ஆஸ்காரில் சிறந்த டாக்குமெண்டரி பிரிவில் அதை நாமினேட்கூடச் செய்யாமல் விட்டு, கமிட்டி திட்டு வாங்கிக்கொண்டது. அந்தப் படத்தில் பையன்கள் புறநகர்ப் பள்ளிக்கு ரயில் ஏறிப் போவார்கள். ஆட்டம் சரியாக வந்தால் சீட், வராவிட்டால் ஃபீஸ் பாக்கி என்று வீட்டுக்கு. அது தனியார் பள்ளி. கொடுமை பளிச்சென்று தெரியும். இங்கே கொடுமைக்காரர் யாரும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள். அதனால்தான் பத்து மணி நேரம் தேவைப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு மாணவர்களைப் பின்தொடர்கிறார்கள். பெயர்களை இங்கே விடுகிறேன்; அவர்கள் அப்போது குழந்தைகள், இப்போது எங்கோ வேலை பார்க்கிறவர்கள். ஒரு பையன் மல்யுத்த அணியில் இருக்கிறான், மார்ச்சிங் பேண்டிலும் இருக்கிறான். இரண்டுமே வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த இடங்கள். அங்கே பேசும்போது ஒரு மாதிரி, கறுப்பின நண்பர்களோடு மதியச் சாப்பாட்டில் உட்காரும்போது வேறு மாதிரி. குரலே மாறுகிறது. யாரும் சொல்லித்தராமல் இரண்டு பாஷை பேசுகிறான். விளையாட்டில் அந்தப் பள்ளியின் மல்யுத்த அணி மாநில அளவில் பட்டம் வெல்கிற அணி. அதில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. 'ஹூப் ட்ரீம்ஸ்' எடுத்தவர் இந்தத் தொடரில் விளையாட்டை ஓரமாகத்தான் வைத்திருக்கிறார். ஸ்கோர் போர்டில் நிறம் கிடையாது. வகுப்பில்தான் இருக்கிறது. அங்கே கேமராவைத் திருப்பியது சரி.

இன்னொரு பையன் சிறப்புக் கல்விப் பிரிவில் இருக்கிறான். அம்மாவுக்கு ஒரு சந்தேகம்: என் பிள்ளைக்கு உதவி செய்கிறார்களா, இல்லை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டார்களா? இந்தச் சந்தேகத்துக்குத் தொடரில் நேரான பதில் கிடையாது. பள்ளியிலும் கிடையாது. இன்னொருவன் படு சூட்டிகை, பேச்சில் எல்லோரையும் கவிழ்த்துவிடுவான், வகுப்புக்கு மட்டும் நேரத்துக்கு வர மாட்டான். அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்க்கப் பார்க்க வயிற்றில் என்னவோ செய்யும். இவன் எங்கே போய் நிற்கப்போகிறான் என்று.

இந்தத் தொடரின் ஆகச் சிறந்த பாத்திரம் (டாக்குமெண்டரியில் பாத்திரம் என்று சொல்லலாமா? சொல்லிவிட்டேன்) மாணவர் இல்லை. இயற்பியல் ஆசிரியர் ஒருவர். வெள்ளைக்காரர், இளைஞர், துடிப்பானவர், இன வேற்றுமையைப் பற்றி நிறையப் படித்தவர். கறுப்பின மாணவர்களுக்கு உதவியே தீர வேண்டும் என்கிற வெறி. ஒரு கறுப்பின மாணவி அவர் வகுப்பில் இருக்கிறாள். கேமரா பிடித்துப் படம் எடுக்கும் பெண், தன் சகமாணவர்களைப் பற்றியே குறும்படம் எடுக்கிறாள். ஆசிரியர் அவளிடம் இனத்தைப் பற்றிப் பேச வருகிறார். மறுபடியும் வருகிறார். தான் எழுதியதைப் படிக்கக் கொடுக்கிறார். அவள் முகத்தைப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது இயற்பியல். சார், கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று சொல்ல முடியாத ஒரு மரியாதை. கடைசியில் சொல்லியும் விடுகிறாள், ஏறக்குறைய.

அந்த ஆசிரியரைப் பார்த்து ஆரம்பத்தில் நான் சிரித்தேன். இரண்டாவது ராத்திரி சிரிப்பு நின்றுபோனது. தன்னைப் பற்றி இவ்வளவு சங்கடமான காட்சிகளை எடுக்க அனுமதித்திருக்கிறார். எடுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவரைக் கேலி செய்வது எளிது. ஆனால் அதே பள்ளியில் எதுவும் செய்யாத, எதுவும் பேசாத, ஆகவே எதிலும் மாட்டிக்கொள்ளாத ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்கள் யாரும் தொடரில் இல்லை.

இல்லாதவர்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். என் பெரிய புகாரே அதுதான். பள்ளித் தலைமை ஆசிரியரும், அவருக்கு மேலே உள்ள கண்காணிப்பாளரும் இந்தப் படப்பிடிப்பை விரும்பவில்லை. பள்ளி நிர்வாகக் குழு அதை மீறி அனுமதி கொடுத்தது. இதில் ஒரு விசேஷம், தலைமை ஆசிரியர் கறுப்பினத்தவர். 2015 பிப்ரவரியில் கறுப்பின மாணவர்களை மட்டும் ஆடிட்டோரியத்துக்கு அழைத்து ஒரு கூட்டம் நடத்தினார். உங்களுக்கு என்ன கஷ்டம், பேசுங்கள் என்று. மற்றவர்களை உள்ளே விடவில்லை. பெற்றோர்கள் கொதித்துவிட்டார்கள். எங்கள் பிள்ளையை எப்படி வெளியே நிறுத்தலாம் என்று. வருஷம் முழுக்கத் தங்கள் பிள்ளைகள் வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகள் இல்லாததை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒரு மணி நேரக் கூட்டம்தான் கண்ணில் பட்டது. தொடரின் முதல் எபிசோட் இங்கே ஆரம்பிப்பது நல்ல யோசனை. ஆனால் அந்தத் தலைமை ஆசிரியர் மனசில் என்ன ஓடியது என்று பத்தாவது எபிசோட் வரைக்கும் தெரியவில்லை. பேட்டி கிடையாது. ஊர்க்காரர்கள் ஒரு பக்கம் இழுக்க, மாணவர்கள் இன்னொரு பக்கம் பார்க்க, நடுவில் நின்ற மனிதர் தொடரின் மையத்தில் ஒரு ஓட்டையாக இருக்கிறார். ஜேம்ஸ் இந்த ஓட்டையைச் சுற்றி நடக்கிறார், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அதே மாதிரி வெள்ளைக்காரக் குடும்பங்கள். பன்னிரண்டில் மிகச் சிலரே, அவர்களுக்கும் கிடைக்கிற நேரம் குறைச்சல். கறுப்பின வீட்டுச் சமையலறைகளில் கேமரா சகஜமாக உட்கார்ந்திருக்கிறது. அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், எல்லாம் பார்க்கிறோம். வெள்ளைக்கார வீடுகள் பெரும்பாலும் வெளியிலிருந்து, புல்வெளியோடு. பிள்ளைக்கு ட்யூஷன் வைப்பது, கவுன்சிலரைப் பார்த்துப் பேசி மேல் வகுப்புக்கு மாற்றுவது, எந்த ஆசிரியர் நல்லவர் என்று காபி குடித்துக்கொண்டே தெரிந்துகொள்வது. இந்தச் சாமர்த்தியங்கள் நடக்கும் சமையலறைக்குள் கேமரா போயிருந்தால், தொடர் இன்னும் குத்தியிருக்கும். யாரும் யாரையும் தடுக்காமலே வகுப்பு எப்படி வெள்ளையாகிறது என்பதன் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஜேம்ஸ் அதே ஓக் பார்க்கில் பல வருஷங்களாகக் குடியிருப்பவர். அவருடைய பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படித்தார்கள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட எங்கோ ஒரு தயக்கம் இருந்திருக்கலாம். அல்லது தட்டியும் திறக்காமல் இருந்திருக்கலாம். எப்படியானாலும் நஷ்டம் நமக்கு.

இப்போது க்வென்டலின் ப்ரூக்ஸ். அவருடைய புகழ்பெற்ற ஒரு சின்னக் கவிதை 'கோல்டன் ஷவல்' என்ற பெயருள்ள பில்லியர்ட்ஸ் கிளப்பில் பொழுதைக் கழிக்கும் பையன்களைப் பற்றியது. 2010-ல் டெரன்ஸ் ஹேய்ஸ் என்கிற கவிஞர் ஒரு வேலை செய்தார். அந்தக் கவிதையின் சொற்களை வரிசையாக எடுத்து, தன் கவிதையின் ஒவ்வொரு வரியையும் அதில் ஒரு சொல்லில் போய் முடித்தார். வலது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் ப்ரூக்ஸ் கவிதை கிடைக்கும். இதற்கு 'கோல்டன் ஷவல்' என்றே பெயர் வைத்து ஒரு புது யாப்பாக ஆக்கிவிட்டார்கள். நமக்கு இது ரொம்பப் பழைய சங்கதி. ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வதும், இன்ன எழுத்தில் முடி என்று காளமேகத்தை மடக்கப் பார்த்ததும், ஒரு பாட்டின் வாலைப் பிடித்து அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதியும் நம் வீட்டுச் சாமான்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த யாப்பில் எழுதிய கவிதைகளை 2017-ல் ஒரு பெரிய தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள். தொகுத்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பீட்டர் கான். நம் பள்ளிக்கூடத்து ஆசிரியர், அங்கே 'ஸ்போக்கன் வேர்ட்' என்கிற மேடைக் கவிதையை வளர்த்தவர். இன்னொருவர் கவிஞர் பட்ரீஷியா ஸ்மித். மூன்றாமவர் ரவி சங்கர். சிதார் இல்லை, இவர் அமெரிக்கக் கவிஞர், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, நம் ஆண்டாளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர். சிகாகோ புறநகர்ப் பள்ளியின் கவிதை வகுப்புக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஒரே ஒரு ஆள் தூரம்தான்.

அந்தப் பள்ளியில் மேடைக் கவிதை என்பது பாடத்திட்டத்தின் பக்கவாத்தியம் இல்லை. மாணவர்கள் எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள், திருத்தியதைக் கிழிக்கிறார்கள், மனப்பாடம் செய்து மூச்சுப் பிடித்துச் சொல்கிறார்கள். சிகாகோ வட்டாரத்துப் பள்ளிகளுக்கு 'லௌடர் தேன் எ பாம்' என்று அப்போது ஒரு போட்டி இருந்தது. அதில் அணியாகப் போய்க் கலந்துகொண்டார்கள். வகுப்பில் மார்க் வாங்காத பையன் இங்கே எழுந்து நின்றால் அரங்கம் அமைதியாகிவிடுகிறது. தொடரின் மிக அழகான காட்சிகள் இவை. பள்ளியில் அந்த ஒரு அறையில் மட்டும் தராசு வேறு மாதிரி நிற்கிறது.

அழகான காட்சிகள் என்று சொன்னேன். ஆனால் மூன்றாவது, நான்காவது முறை அப்படி ஒரு காட்சி வரும்போது எனக்கு உறுத்த ஆரம்பித்தது. மேடையில் ஒரு கறுப்பினப் பிள்ளை தன் வலியைச் சொல்கிறது. அப்பா இல்லாததை, பயத்தை, தெருவை. கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டுகிறார்கள். எழுந்து நின்றே தட்டுகிறார்கள். மறுநாள் காலையில் எல்லோரும் அவரவர் காரிடாருக்குப் போய்விடுகிறார்கள். வலியை நன்றாகச் சொன்னால் கைதட்டு, கால்குலஸ் வகுப்பில் மட்டும் இடமில்லை. இந்தக் கணக்கு என்ன கணக்கு? ஒரு பையன் சந்தோஷமாக, அபத்தமாக, காதலைப் பற்றியோ வீடியோ கேமைப் பற்றியோ ஒரு கவிதை வாசித்தால் இதே கைதட்டு விழுமா? அந்தப் பிள்ளைகளின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. கைதட்டுகிறவர்கள் மேல்தான். ஜேம்ஸும் அவர்களோடு சேர்ந்து கைதட்டுகிறார். எடிட்டிங்கில் அது தெரிகிறது. கவிதை முடிந்ததும் இசை ஏறுகிறது, காட்சி மாறுகிறது. ஏறாமல் இருந்திருக்கலாம்.

பள்ளியின் முத்திரையில் கிரேக்க மொழியில் ஒரு வாசகம் உண்டு. 'ட கரிஸ்ட'. சிறந்தவை எவையோ அவை, என்று பொருள். சிறந்தது எது என்பதில் அங்கே யாருக்கும் சண்டையில்லை. நல்ல ஆசிரியர், சின்ன வகுப்பு, கடினமான பாடம். யாருக்கு என்பதில்தான் வாய் மூடிக்கொள்கிறார்கள். இதைப் பேச வைக்கச் சில ஆசிரியர்களே முயற்சி எடுத்து, சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று கிளம்புகிறார்கள். அவர்களின் மீட்டிங்குகளைப் பாருங்கள். உலகத்தில் எந்த ஆபீஸிலும் நடக்கிற மீட்டிங்தான். நல்ல யோசனை, குறித்துக்கொள்கிறோம், அடுத்த கூட்டத்தில் பேசலாம். ஒரு யோசனை எப்படிச் சாகிறது என்பதை இவ்வளவு பொறுமையாக யாரும் படமெடுத்ததில்லை.

தொடர் வெளிவந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்டில் ஒளிபரப்பு ஆரம்பித்தது. அந்த நவம்பரிலேயே பள்ளிச் சுவர்களில் வெறுப்பு வாசகங்கள். ஆடிட்டோரியத்தில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மாணவர்களின் போன்களுக்கு யாரோ நாஜி ஸ்வஸ்திகா படத்தை அனுப்பினார்கள். டாக்குமெண்டரி பார்த்தால் மனசு மாறும் என்று நம்புகிறவர்களுக்கு நல்ல மருந்து. ஆனால் கதை அங்கே முடியவில்லை. நான்கு வருஷம் கழித்து, 2022 கல்வியாண்டில், ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம், வரலாறு, அறிவியல் போன்ற பாடங்களில் மேல் வகுப்பு, சாதா வகுப்பு என்கிற பிரிவை எடுத்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே அறையில், ஒரே கடினத்தில். கணக்கைத் தொடவில்லை. (கணக்கைத் தொட எந்த ஊரிலும் யாருக்கும் தைரியம் வராது.) அதற்கு முன் மே மாதத்தில் இன்னொரு கூத்து. இந்தப் பள்ளியில் இனி நிறம் பார்த்து மார்க் போடப்போகிறார்கள் என்று ஒரு செய்தி கிளம்பி நாடு முழுக்கப் பரவியது. அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று பள்ளி மறுத்துப் பார்த்தது. மறுப்புக்கு வேகம் குறைவு.

படத்தால்தான் இந்த மாற்றம் வந்ததா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். பள்ளிக்குள் பல வருஷங்களாக இதற்குப் போராடியவர்கள் இருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த மீட்டிங்குகளைத்தான் நாம் பார்த்தோம். ஆனால் மறுபடி ஒரு மீட்டிங்கில் 'நம் பள்ளியில் அப்படியெல்லாம் இல்லையே' என்று யாராவது ஆரம்பித்தால், பத்து மணி நேர ஆதாரம் இருக்கிறது. ஒரு டாக்குமெண்டரி இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

நீளம் பற்றிக் கேட்பீர்கள். ஐந்தாவது, ஆறாவது எபிசோடில் தொய்வு உண்டு. சில மாணவர்கள் இரண்டு எபிசோட் காணாமல் போய்த் திடீரென்று வருகிறார்கள். யார் இவன் என்று யோசிப்பதற்குள் போய்விடுகிறார்கள். ஜேம்ஸே பின்னணியில் பேசுகிறார், அதில் பாதியைக் குறைத்திருக்கலாம். அவரோடு சேர்ந்து சில பகுதிகளை எடுத்தவர்களில் ஒருவர் பிங் லியூ. அதே 2018-ல் 'மைண்டிங் த கேப்' என்ற தன்னுடைய படத்தைக் கொண்டுவந்து ஆஸ்கார் நாமினேஷன் வரை போனவர். அது ஒன்றரை மணி நேரப் படம், ஸ்கேட்போர்டு ஓட்டும் மூன்று பையன்கள். இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் அதைப் பாருங்கள் என்று சினிமாக்காரர்களிடம் சொல்வேன்.

பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தாலோ, பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு எந்த செக்‌ஷன் கிடைக்கும் என்று ஹெச்.எம். அறைக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோராக இருந்தாலோ, இந்தப் பத்து மணி நேரத்தைப் பாருங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். இயற்பியல் ஆசிரியர் வரும் காட்சிகளை மட்டும் இரண்டு தரம்.